கண்ணாடிப் பாரம்

திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வண்ணாரப்பேட்டை கிடங்குக்கு விளக்குச் சிம்னிகளை ஏற்றி வரும் வேனை சௌக்கத் அலி நான்கு வருடமாக ஓட்டிவந்தான். யுத்தத்துக்கு முன்னால் சீமையில் செய்த வண்டி. ராணுவம் எடுத்துக்கொண்டு, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்டது. ஏலத்தில் எடுத்தவர் ஹுமாயூன் சாயபு, விளக்குக் கண்ணாடி மொத்த வியாபாரி. ஆரம்பத்தில் வைக்கோல் எவ்வளவு திணித்தாலும் பெட்டிக்குள் சிம்னிகள் உடைந்துகொண்டே இருந்தன. பிறகு தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவன், ஊருக்குக் கப்பலேறிவிட்ட ஒரு துரையின் காரிலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பர்களை இந்த வேனுக்குக் கீழே பொருத்திக் கொடுத்தான். உடைவது குறைந்தது.

பார்ப்பதற்கு அவை எளிமையானவை. இரண்டு இரும்புக் கைகள் கத்தரிக்கோல் போல ஓரிடத்தில் சேரும். ஒரு கை வண்டியின் சட்டத்தில் இருக்கும், மற்றது சக்கரத்தின் அச்சில். சேரும் இடத்தில் மரத்தட்டுகளை வைத்து நடுவில் ஒரு நட்டால் பிடித்திருக்கும். நட்டை இறுக்கினால் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தும், கைகள் லேசில் அசையாது, ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்கும். தளர்த்தினால் ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்கு ஆடும். நட்டின்மேல் ஒரு சின்ன முள்ளும் அதற்குக் கீழே கோடுகளும் உண்டு.

பாரத்துக்குத் தகுந்தபடி திருகிக்கொள்ளலாம் என்பதுதான் விசேஷம். பெட்டிகள் ஏறியதும் சௌக்கத் அலி ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போவான். கண்ணாடிப் பாரத்துக்கென்று அவனே அரத்தால் கீறி வைத்த கோட்டுக்கு முள்ளைக் கொண்டுவருவான். கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடியும் அடியில் போய்த் தளர்த்திவிடுவான். பாரமென்றால் இறுக்கு, லேசென்றால் தளர்த்து. அவனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். காலி வண்டி எப்படிப் போகிறது என்று அவன் ஒரு நாளும் கவனித்ததில்லை. உடைவதற்கு அதில் எதுவும் இருந்ததில்லை.

அவன் மனைவி ஜெரினா எர்ணாவூரில் தாய் வீட்டில் இருந்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம். இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது, போன வருடம், தாய் வீட்டுக்கு வரும் வழியில் ஜட்காவிலேயே கலைந்தது. அதற்குப் பிறகு அவள் சக்கரம் வைத்த எதிலும் ஏறவில்லை. இந்த முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் தண்டையார்பேட்டையில் இருந்த தங்கள் வீட்டிலிருந்து எர்ணாவூருக்கு நடந்தே வந்தாள். சௌக்கத் அலியும் கூட நடந்தான். மரத்தடி கண்ட இடத்தில் எல்லாம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலையில் கிளம்பியவர்கள் வெயில் சாய்ந்தபோது வந்து சேர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மிட்வைஃப் தேவப்பிரியம் வந்து ஜெரினாவைப் பார்த்தாள். அன்று காலையில் துணியில் கொஞ்சம் ரத்தம் பட்டிருந்தது. தேவப்பிரியம் வயிற்றை வெகுநேரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஜெரினாவின் தாய் அஜீசாவையும் சௌக்கத் அலியையும் முன்பக்கம் அழைத்து வந்து சொன்னாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் குழந்தை வரும் வழியை மறைத்துக்கொண்டு இருக்கிறது. வலி எடுத்துவிட்டால் வீட்டில் வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ராயபுரம் ஆஸ்பத்திரியில் இப்போதே கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட வேண்டும். ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் அங்கே ஆள் உண்டு. இந்த வாரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் போகிற வழியில் உடம்பு குலுங்கக் கூடாது. குலுங்கி ரத்தம் போக ஆரம்பித்தால் அதை நிறுத்தத் தன் பையில் மருந்து இல்லை என்றாள்.

அஜீசா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருமா என்று கேட்டாள். வரும், ஆனால் அதுவும் இதே சாலையில்தான் வர வேண்டும் என்று தேவப்பிரியம் சொன்னாள். ஆம்புலன்ஸில் நோயாளிகளோடு அவள் போயிருக்கிறாள். இறங்கும்போது தன் இடுப்பையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாளாம்.

தன் வேனில் கூட்டிப் போகலாம் என்றான் சௌக்கத் அலி.

"கண்ணாடி ஏத்தற வண்டிலயா மாப்ள?" என்றாள் அஜீசா.

"கண்ணாடி ஒடையாம போற வண்டி மாமி."

அஜீசா உள்ளே படுத்திருந்த மகளை எட்டிப் பார்த்தாள். மகளைக் கொண்டுபோனாலும் பயம், வைத்துக்கொண்டாலும் பயம். கடைசியில், முதலில் வேறு யாரையாவது அதில் படுக்கவைத்து ராயபுரம் வரை போய்வரட்டும், அவர்கள் வந்து சொல்வதைக் கேட்டுவிட்டுத் தான் பதில் சொல்வதாகச் சொன்னாள்.

பின்வீட்டுக் கன்னியம்மா இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் வலையை உதறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவன். அவள் தினமும் மீன்கூடையோடு ராயபுரத்துக்குப் போகிறவள். ஐந்து பெற்றவள். தானே படுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். பொய் சொல்லத் தனக்கு வராது என்பது இந்தக் குப்பத்துக்கே தெரியும் என்றும் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் சரக்கை இறக்கிவிட்டு, ஹுமாயூன் சாயபுவிடம் சொல்லிவிட்டு, சௌக்கத் அலி வேனை எர்ணாவூருக்குக் கொண்டுவந்தான். உள்ளே தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் மெத்தை போட்டான். கன்னியம்மா ஏறிப் படுத்துக் கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜமீன்தாரிணி மாறி கீறேன் மாப்ள பாய். மெதுவா வுடு" என்றாள். அஜீசாவின் மருமகன் என்பதால் குப்பத்தில் எல்லோருக்கும் அவன் மாப்ள பாய்தான்.

அவன் வண்டிக்கு அடியில் போனான். நான்கு வருடத்தில் இவ்வளவு லேசான பாரத்தை அவன் ஏற்றியதில்லை. இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியதையும் ஏற்றியதில்லை. ஆகவே நான்கு நட்டுகளையும் முடிந்த மட்டும் தளர்த்தினான். மெத்தென்று போகும் என்று நினைத்தான்.

முதல் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. ஏறியது அடங்கவில்லை. ஆட்டிவிட்ட தூளி போல மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. அது அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்தது. கன்னியம்மா முதலில் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். பிறகு பாட்டு நின்றது. திருவொற்றியூர் தேரடிக்குக் கிட்டே அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைத் தட்டினாள். அவன் நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோது உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடல்லயே பொறந்து வளந்தவ நானு. எனக்கே கொமட்டுது பாய்" என்றாள்.

அவன் மறுபடி அடியில் போய் நட்டுகளை ஸ்பேனர் போகிற மட்டும் இறுக்கினான். இப்போது வண்டி ஆடவில்லை. ஆனால் ஒவ்வொரு கல்லும் நேராக மேலே வந்து இடித்தது. தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் லைனைத் தாண்டும்போது வேன் முழுவதும் ஒரு தகரப்பெட்டி மாதிரி எழும்பி விழுந்தது. ராயபுரத்தில் கன்னியம்மா இறங்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

தளர்த்தியாகிவிட்டது, இறுக்கியாகிவிட்டது. அவனிடம் வேறு வித்தை இல்லை. மறுநாள் காலையில் சரக்கு ஏற்ற வேண்டும் என்பதால், முள்ளை வழக்கமான கண்ணாடிப் பாரத்துக் கோட்டுக்கே கொண்டுவந்து வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்தான்.

மீன் மார்க்கெட் முனையில் எர்ணாவூர்ப் பெண்கள் காலிக் கூடைகளோடு நின்றிருந்தார்கள். கூடையோடு வருகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கூடை காலியாக இருந்தாலும் வாடை போகாது என்பார் கண்டக்டர். முனையில் வேன் நின்றபோது பின்கதவு வழியாகக் கன்னியம்மாவைப் பார்த்ததும் அவர்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேண்டாமென்று சொல்ல சௌக்கத் அலிக்கு மனம் வரவில்லை. யாருக்கும் உபயோகமில்லாத வண்டி இவர்களுக்காவது உபயோகப்படட்டும் என்று இருந்தது. மாமியாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினான். கூட்ஸ் லைனுக்காகவோ பள்ளத்துக்காகவோ வேகத்தைக் குறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

எர்ணாவூரில் பின்கதவைத் திறந்தான். பெண்கள் இறங்கினார்கள். கன்னியம்மா மட்டும் இறங்கவில்லை. ஒருத்தியின் மடியில் தலைவைத்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பியதும் அவளுக்குக் கோபம் வந்தது. கூட்ஸ் லைனில் எப்படி இருந்தது என்று அவன் கேட்டான். எந்த கூட்ஸ் லைன், அது எப்போது வந்தது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் மற்றவர்களைக் கேட்டான். நீலா என்ற பருத்த பெண், தன் மடியில் இருந்த வெற்றிலைப் பொட்டலம்கூட நகரவில்லை என்றாள்.

அவன் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லோரையும் மறுபடி ஏறி உட்காரச் சொன்னான். பின்படியில் ஏறிக் குதித்து, வண்டி என்ன செய்கிறது என்று பார்த்தான். வண்டி நிதானமாக அமுங்கி, நிதானமாக எழுந்து, அப்படியே நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னான். மறுபடி குதித்தான். வண்டி அமுங்கவே இல்லை. வெடுக்கென்று ஒரு நடுக்கம், அவ்வளவுதான். மறுபடியும் ஏறச் சொன்னான்.

"ஏத்தறான், எறக்கறான். பாய்க்கு இன்னா ஆச்சு?" என்றாள் நீலா. ஆனால் ஏறினாள்.

அந்த ஸ்பிரிங் பாரத்துக்காகவே செய்தது. மேலே எடை இருந்தால்தான் அது வளையும். எடை இல்லாவிட்டால் சரியாக வளையாமல் முரண்டு பிடித்து, நட்டைத் தளர்த்தினால் துள்ளும், இறுக்கினால் பள்ளத்தின் அடியை அப்படியே மேலே அனுப்பிவிடும். ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குமே தவிர, வளையாத ஸ்பிரிங்கை வளைய வைக்காது. நான்கு வருடமாகச் சிம்னிகளைக் காப்பாற்றியது நட்டு மட்டும் இல்லை. சிம்னிகளின் பாரமே சிம்னிகளைக் காப்பாற்றியது. ஒரே ஒரு சிம்னியை அவன் ஒருநாளும் தனியாக ஏற்றிப் பார்த்ததில்லை.

அஜீசாவின் வீட்டு வாசலில் கன்னியம்மா ஒளிக்காமல் சொன்னாள். போகும்போது செத்தேன், வரும்போது தூங்கினேன் என்றாள். சௌக்கத் அலி, மணல் மூட்டைகளை இரண்டு பக்கமும் அடுக்கிவிடுகிறேன், கண்ணாடிப் பெட்டிகளின் எடைக்கு எடை சரியாக வைத்துவிடுகிறேன் என்றான். எர்ணாவூரில் மணலுக்குப் பஞ்சமில்லை.

"மண்ணு இன்னாத்துக்கு?" என்றாள் கன்னியம்மா. "நாங்க இத்தினி பேரு குந்திகினு வரோம். வழில பொண்ணுக்குப் பயம் வந்தா மண்ணு கையப் புடிச்சிக்குமா?"

மகள் சொல்லட்டும் என்றாள் அஜீசா. உள்ளே போய் ஜெரினாவைக் கேட்கும்படி மருமகனிடம் சொன்னாள்.

ஜெரினா கட்டிலில் படுத்திருந்தாள். கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். வெளியே பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கையில் கிரீஸ் இருந்ததால் அவளைத் தொடவில்லை.

"நீங்க எங்க இருப்பீங்க?" என்று அவள் கேட்டாள்.

முன்னால் இருப்பேன், ஓட்ட வேண்டுமே என்றான்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஜட்கால வந்தப்ப பக்கத்துலதான் இருந்தீங்க. கையப் புடிச்சிகினே வந்தீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். போன வருடம் அந்தக் கையை வைத்துக்கொண்டு தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பது அவன் யாரிடமும் சொல்லாத விஷயம்.

"இந்த தபா நீங்க கையப் புடிக்க வேணாம் மச்சான்" என்றாள் ஜெரினா. "நீங்க ஓட்டுங்க."

வெள்ளிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் பாதி வீடுகளில் மீன் வாங்கமாட்டார்கள், அதனால் குப்பத்துப் பெண்களுக்கு வியாபாரம் மந்தம். சாயபுவின் கிடங்கும் ஜும்மா தொழுகைக்காக மூடியிருக்கும். ஒன்றும் ஏற்ற வேண்டியதில்லை.

தொழுகை முடித்து வெள்ளைச் சட்டையோடு அவன் வேனைக் கொண்டுவந்தபோது பெண்கள் அஜீசாவின் வாசலில் காத்திருந்தார்கள். எல்லோரும் தலைக்குக் குளித்துத் துவைத்த சேலை கட்டியிருந்தார்கள். தேவப்பிரியம் அவர்களைப் பார்த்துத் தயங்கினாள். மீன்வாடை நோயாளிக்குக் குமட்டும் என்று அவளுக்குக் கவலை.

"மோந்து பாத்துக்கோ நர்ஸம்மா" என்று கன்னியம்மா தன் முழங்கையை நீட்டினாள். "சீயக்காய் போட்டுத் தேச்சிகினு வந்துகீறோம்."

வாடை முழுக்கப் போயிருக்கவில்லை. ஆனால் தேவப்பிரியம் சரி என்று தலையாட்டினாள்.

சௌக்கத் அலிக்கு ஒரு சங்கடம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளை ஏற்றும்போது கனமானவற்றைப் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர்மேலே வைப்பான், லேசானவற்றை ஓரத்தில் வைப்பான். இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். இங்கே யார் கனம், யார் லேசு என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நீங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான். நீலாவிடம் வந்ததும் அந்தக் கையும் நின்றுவிட்டது.

"இன்னா பாய் முழிக்கற? என்னிய ரெண்டு பொட்டின்னு வெச்சிக்கோ" என்று அவளே போய் அச்சுக்கு நேராக உட்கார்ந்தாள்.

ஜெரினாவைப் பாயோடு தூக்கிவந்து நடுவில் மெத்தையில் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் அஜீசா, கால்மாட்டில் தேவப்பிரியம். இரண்டு பக்கமும் குப்பத்துப் பெண்கள் முழங்காலோடு முழங்கால் ஒட்டி உட்கார்ந்தார்கள். வலது கையைக் கன்னியம்மா எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பின்வாசலில் திரை கட்டினார்கள்.

சௌக்கத் அலி வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போனான். பாரம் ஏறி ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகியிருந்தன. நான்கு முள்ளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தான். வெளியே வந்து பின்படியை ஒரு கையால் அழுத்தினான். வேன் அமுங்கி, எழுந்து, நின்றது. பிஸ்மி சொல்லிக் கிளம்பினான்.

அவனுக்குப் பின்னால் இருந்த பலகையில் ஒரு சின்ன சந்து உண்டு. திரும்பிப் பார்த்தால் சேலைகள்தான் தெரியும். அவன் பார்க்கவில்லை. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டான். கண்ணாடி ஏற்றுகிறவர்களுக்கு அது பழக்கம். உடைந்தால் முதலில் காதுக்குத்தான் தெரியும். பள்ளம் வருவதற்கு முன்னாலேயே, "பள்ளம்" என்று சத்தமாகச் சொன்னான். உடனே உள்ளே பெண்கள் ஒருவரோடு ஒருவர் நெருங்கி அண்டை கொடுத்துக்கொள்ளும் சேலைச் சரசரப்பு கேட்டது. வண்டி இறங்கி ஏறியது. யாரும் கத்தவில்லை.

திருவொற்றியூர் வரை உள்ளே பேச்சு நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒருத்தியின் நாத்தனாரைப் பற்றிய பேச்சு. அந்த நாத்தனார் செய்த மீன்குழம்பைப் பூனைகூடத் தொடவில்லையாம். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். ஜெரினாவின் சிரிப்பு அதில் இருக்கிறதா என்று அவனால் பிரித்துக் கேட்க முடியவில்லை.

கூட்ஸ் லைனில் கேட் போட்டிருந்தது. நிலக்கரி வண்டி ஒன்று மிக மெதுவாகப் போயிற்று. நின்ற வண்டியில் உள்ளே இருந்த பேச்சும் நின்றது. கேட் திறந்ததும், "ரயில் லைனு" என்று சொன்னான். முதல் கியரில் முன்சக்கரங்களை ஏற்றினான், இறக்கினான். பின்சக்கரங்களை ஏற்றினான், இறக்கினான். தாண்டிவிட்டான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அவன் சாலையின் ஓரத்துக்குப் போய் நிறுத்திவிடலாமா என்று நினைத்தான். கேட்டுவிடலாமா என்று நினைத்தான். கேட்டு, தேவப்பிரியம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான். நிறுத்தாமலே போய்க்கொண்டிருந்தான்.

அப்போது ஜெரினாவின் குரல் கேட்டது. இந்த மாதம் கடலில் என்ன மீன் நன்றாகக் கிடைக்கிறது என்று அவள் கன்னியம்மாவைக் கேட்டாள். கன்னியம்மா வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருத்தி வஞ்சிரம் என்றாள், ஒருத்தி சங்கரா என்றாள். அது போன மாதம் என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள். சௌக்கத் அலி இரண்டாவது கியருக்கு மாற்றினான்.

ராயபுரத்தில் டிராம் தண்டவாளங்கள் இருந்தன. பின்னால் வந்த டிராமுக்கு வழிவிட்டு, அது போன பிறகு, சக்கரம் சக்கரமாகச் சாய்வாகத் தாண்டினான். டிராம் டிரைவர் மணியடித்துவிட்டு அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். இவ்வளவு மெதுவாக ஒரு மோட்டார் வண்டி போவதை அவர் பார்த்திருக்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. பெண்கள் எல்லோரும் இறங்கித் திரைபோலச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவன் வண்டியின் முன்பக்கமே நின்றான். தேவப்பிரியம் உள்ளே குனிந்து பார்த்தாள். அவள் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆனது போல இருந்தது. பிறகு அவனைத் தேடி முன்னால் வந்தாள்.

"ஒரு பொட்டுகூட இல்ல" என்றாள்.

அவன் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டான். தலையாட்டினான். பிரசவம் வரை ஜெரினா இனி இங்கேதான், அசைய விடமாட்டார்கள், ரத்தத்துக்கும் சொல்லிவைப்பார்கள் என்று தேவப்பிரியம் சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு நடந்தாள்.

வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். வாசல் படிவரை அவன் கூடவே போனான். ஜெரினா ஸ்ட்ரெச்சரில் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கிரீஸும் மண்ணும் பட்ட அவன் மார்பைப் பார்த்தாள்.

"ஜும்மா சட்டை" என்றாள். "மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்ங்க. சொம்மா தண்ணில போட்டா போவாது."

சரி என்றான். படுத்தபடியே அவள் கையை நீட்டி அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். கதவு மூடியது. அஜீசா மகளோடு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது வேனில் குப்பத்துப் பெண்கள் மட்டும் இருந்தார்கள். மெத்தை நடுவில் காலியாகக் கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. டிராம் தண்டவாளத்தைத் தாண்டினான். கூட்ஸ் லைனைத் தாண்டினான். வெயில் சாய ஆரம்பித்தது. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு அவனை முந்திப் போனார்கள். தேரடிக்குக் கிட்டே பின்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. அவன் பதறி நிறுத்தினான்.

"ஒண்ணியும் இல்ல, பயப்படாத" என்று சந்து வழியாகக் கன்னியம்மா சொன்னாள். "பொண்டாட்டிய பத்திரமா எறக்கியாச்சு. இன்னும் இன்னாத்துக்கு மாப்ள பாய் தவழ்ந்துகினு போற? வூட்ல போய் உலை வெக்கணும். நாங்க ஒடைய மாட்டோம், வுடு."

அவன் சரி என்றான். கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினான். கொஞ்ச தூரம் போனதும் சாலையில் ஒரு குழி தெரிந்தது. கால் தானாக பிரேக்கை அழுத்தியது. "பள்ளம்" என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

உள்ளே யாரோ சிரித்தார்கள். சேலைகள் சரசரக்க எல்லோரும் நெருங்கி உட்காருவது கேட்டது. வேன் இறங்கி, ஏறி, எர்ணாவூரைப் பார்த்து ஊர்ந்து போயிற்று. அதற்குப் பிறகு பலகையை யாரும் தட்டவில்லை.